எந்தப் புரோபயாடிக் நல்லது? வாங்குமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி

முன்னாளில் நம் இல்லங்களின் மருந்துப் பெட்டியைத் திறந்தால், காய்ச்சலுக்கு இரண்டு மாத்திரை, தலைவலிக்கு ஒரு தைலம், வயிற்று உப்புசத்திற்கு ஓமநீர் ஆகியவையே இருக்கும். இன்று அவற்றோடு வேறொன்றும் இடம் பிடித்துவிட்டது. 'புரோபயாடிக்' என்னும் பெயரோடு கேப்சூலாகவும், பொட்டலத் தூளாகவும், சிறு பிளாஸ்டிக் குப்பியில் அடைத்த நீர்மமாகவும், இனிப்புப் பானமாகவும் அது வருகின்றது. குழந்தைக்குச் சளி என்றால் ஆன்டிபயாடிக் மருந்தோடு இதுவும் சேர்ந்து வருகின்றது. பெரியவருக்கு மலச்சிக்கல் என்றாலும், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் இதுவே பரிந்துரைக்கப்படுகின்றது. எந்த நோயும் இல்லாதவரும், 'குடல் நலம் காக்கும்' என்ற விளம்பரத்தை நம்பி நாள்தோறும் வாங்கி அருந்துகின்றனர்.

"இவற்றுள் எது நல்லது?" என்று நம் தாய்மார்கள் கேட்கின்றனர். கேள்வி இயல்பானதே. எனினும் அது பாதிக் கேள்விதான். "எதற்கு நல்லது?" என்னும் மற்றப் பாதியையும் சேர்த்துக் கேட்டாலன்றி விடை கிடைக்காது. இருமல் மருந்தையும் கண் மருந்தையும் எதிரெதிரே வைத்து, 'இரண்டில் எது சிறந்தது?' என்று எவரும் கேட்பதில்லை. புரோபயாடிக் விஷயத்தில் மட்டும் அவ்வாறே கேட்கிறோம். ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு உயிர்கள், வெவ்வேறு பயன்களோடு, சில வேளை எந்தப் பயனுமின்றியும் விற்கப்படுகின்றன என்பதை அறியாமையே இதற்குக் காரணம்.

குடலில் வாழும் பெருங்கூட்டம்

நம் குடலில், சிறப்பாகப் பெருங்குடலில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கணக்கற்று வாழ்கின்றன. மனித உடலின் அணுக்களைவிட அவை பத்து மடங்கு மிகுதி என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2016-இல் வெளிவந்த திருத்தமான கணக்கு, சராசரி மனிதன் ஒருவனிடம் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன என்றும், உடலின் சொந்த அணுக்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி என்றும் கூறுகின்றது. அந்தப் பாக்டீரியாக்கள் அனைத்தையும் திரட்டி நிறுத்தால் சுமார் 200 கிராம் இருக்கும்.

இக்கூட்டம் வீணே நம்மிடம் தங்கியிருக்கவில்லை. நமக்குச் செரியாத நார்ப்பொருளை இவை நொதிக்கச் செய்து, பெருங்குடலின் உட்சுவருக்கு உணவாகும் சிறு அமிலங்களைத் தருகின்றன. சில வைட்டமின்களை உண்டாக்குகின்றன. தீய கிருமி புகுந்து குடியேற இடமின்றித் தடுக்கின்றன. நம் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்குப் பிள்ளைப் பருவத்திலேயே பயிற்சி அளிக்கின்றன. தாய்ப்பாலில் குழந்தைக்குச் செரியாத ஒருவகைச் சர்க்கரைப் பொருள்கள் உள்ளன. அவை குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. தாய்ப்பால் குழந்தையை ஊட்டுவதோடு, குழந்தைக்குத் துணையாக இருக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்தே ஊட்டுகின்றது.

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு கேப்சூலில் 100 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் உள்ளன என்று அட்டையில் எழுதியிருக்கின்றது. பெரிய எண்தான். ஆனால் நம் உடலில் உள்ள 38 இலட்சம் கோடியோடு ஒப்பிட்டால், அது முப்பத்தெட்டாயிரத்தில் ஒரு பங்கு. பெருநகரம் ஒன்றில் ஒரு பேருந்திலிருந்து இறங்கும் விருந்தினரைப் போன்றது அது. அவ்விருந்தினர் தகுந்த வேலையைச் செய்யக்கூடியவராயின் பயன் உண்டு. ஆனால் அவர்கள் அந்நகரத்தையே மாற்றியமைப்பர் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. பெரும்பாலும் அவை குடலில் நிலையாகக் குடியேறுவதுமில்லை. உண்பதை நிறுத்தினால் சில நாள்களிலோ வாரங்களிலோ வெளியேறி விடுகின்றன.

இந்த எண்ணம் பிறந்த கதை

நுண்ணுயிர்களை உண்டு நலம் பெறலாம் என்ற எண்ணத்தை அறிவியல் உலகில் பரப்பியவர் எலி மெச்னிகோஃப் என்னும் அறிஞர். 1845-இல் அந்நாளைய இரஷியப் பேரரசில் பிறந்து, பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய இவர், நோய் எதிர்ப்பு ஆற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908-இல் பால் எர்லிக் என்பவருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பல்கேரிய நாட்டு உழவர்கள் நெடுநாள் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலே காரணம் என்று அவர் கருதினார். தாமும் அதனை நாள்தோறும் அருந்தினார். அக்கருத்து முழுதும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் ஒரு பெரிய கதவை அது திறந்து வைத்தது.

முதல் உலகப் போர்க் காலத்தில், 1917-இல், ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே ஒரு போர்வீரரைக் கண்டார். உடனிருந்தோர் வயிற்றுக் கடுப்பால் துன்புற்ற வேளையில் அவ்வீரர் மட்டும் நலமாயிருந்தார். அவர் குடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிருமி, நிஸ்லேயின் பெயரால் இன்றும் வழங்கி வருகின்றது. பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி பூலார் 1920-களில் இந்தோசீனாவில் இருந்தபோது, காலரா பரவிய ஊர்களில் மக்கள் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலைக் காய்ச்சி அருந்துவதைக் கவனித்து, அத்தோலிலிருந்து ஒருவகை ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். 'சாக்கரோமைசிஸ் பூலார்டி' என்று நம் மருந்துக் கடைகளில் இன்று விற்கப்படுவது அதுவே. ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-இல் தேர்ந்தெடுத்த பாக்டீரியா, 1935-இல் யாக்குல்ட் என்னும் பானமாக வெளிவந்தது. அமெரிக்காவில் கோர்பாக், கோல்டின் என்னும் இருவர் 1980-களில் கண்டறிந்த ராம்னோசஸ் இன நுண்ணுயிர், அவ்விருவர் பெயர்களின் முதலெழுத்தால் 'ஜி.ஜி.' என்று அழைக்கப்படுகின்றது.

2001-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. உயிருடன் இருக்க வேண்டும். போதிய அளவில் கொடுக்கப்பட வேண்டும். கொடுக்கப்பட்டவருக்கு உடல்நலப் பயன் விளைய வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால்தான் அது புரோபயாடிக். இவ்விலக்கணத்தை உரைகல்லாகக் கொண்டால், கடையில் அப்பெயரோடு நிற்பவற்றுள் பல தேறா.

மூன்றாம் பெயரே முக்கியம்

நுண்ணுயிர் ஒவ்வொன்றுக்கும் மூன்று பெயர்கள் உண்டு. முதலாவது பேரினம், இரண்டாவது சிற்றினம், மூன்றாவது வகைக்குறி. 'லாக்டோபாசிலஸ்' என்பது பேரினம், 'ராம்னோசஸ்' என்பது சிற்றினம், 'ஜி.ஜி.' என்பது வகைக்குறி. இம்மூன்றாம் பெயரைத்தான் நாம் பெரும்பாலும் கவனியாது விடுகிறோம்.

அதன் முக்கியத்துவத்தை அறிய ஓர் எடுத்துக்காட்டுப் போதும். முன்னர்க் கூறிய நிஸ்லே கண்ட கிருமி, 'எஸ்செரிக்கியா கோலை' என்னும் சிற்றினத்தைச் சேர்ந்தது. அது மருந்தாகவே பயன்படுகின்றது. அதே சிற்றினத்தைச் சேர்ந்த 'ஓ157' என்னும் வகையோ, இரத்தப் பேதியை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரையே பறிக்க வல்லது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குணத்தினர் அல்லர் என்பது இங்கும் உண்மை. ஆதலால், ஒரு வகைக்குறியுடைய நுண்ணுயிரைக் கொண்டு செய்த ஆய்வின் பயனை, அதே குடும்பத்தின் வேறொன்றுக்கு ஏற்றிச் சொல்வது முறையன்று.

பெயர்களிலும் சிறு குழப்பங்கள் உண்டு. 2020-இல் அறிவியலார் லாக்டோபாசிலஸ் என்னும் பெருங்குடும்பத்தைப் பிரித்து, 23 புதிய பேரினங்களை உண்டாக்கினர். எனவே 'லாக்டோபாசிலஸ் ராம்னோசஸ்' என்று ஓர் அட்டையிலும், 'லாக்டிகேசிபாசிலஸ் ராம்னோசஸ்' என்று மற்றோர் அட்டையிலும் இருந்தால், இரண்டும் ஒன்றே என்று கொள்ளலாம். அவ்வாறே, நம் நாட்டில் நெடுங்காலமாக 'லாக்டோபாசிலஸ் ஸ்போரோஜீன்ஸ்' என்ற பெயரில் விற்கப்பட்டு வந்தது உண்மையில் 'பாசிலஸ் கோயாகுலன்ஸ்' என்னும் வேறோர் இனம்.

எங்கே பயன் உண்டு? எங்கே இல்லை?

பயன் தெளிவாகத் தெரிந்த இடம் ஒன்றை முதலில் சொல்வோம். ஆன்டிபயாடிக் மருந்து, நோய்க்கிருமியோடு குடலின் நல்ல கிருமிகளையும் அழித்துவிடுவதால், சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாகின்றது. அம்மருந்து தொடங்கும் பொழுதே தகுந்த புரோபயாடிக்கும் கொடுத்தால் இதனைத் தடுக்கலாமா என்று 33 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் காக்ரேன் அமைப்பினர் ஆராய்ந்தனர். புரோபயாடிக் பெற்ற குழந்தைகளில் 100-க்கு 8 பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பெறாதவரில் 100-க்கு 19 பேருக்கு வந்தது. நாளொன்றுக்கு 500 கோடியோ அதற்கு மேலோ கொடுத்தபோது பயன் கூடுதலாக இருந்தது. இவற்றுள் ராம்னோசஸ் இனமும் பூலார்டி ஈஸ்ட்டும் ஏற்றவையாகக் கருதப்பட்டன.

இந்த எண்களில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. எதுவும் பெறாத 100 குழந்தைகளில் 81 பேருக்கு வயிற்றுப்போக்கு வரவேயில்லை. ஆகவே, ஆன்டிபயாடிக் உண்ணும் ஒவ்வொருவருக்கும் இது கட்டாயம் என்பதில்லை. முன்பு அம்மருந்தால் அவதியுற்ற குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுக் கொடுப்பது பொருத்தமே. அதனினும் சிறந்த வழி, தேவையற்ற இடத்தில் ஆன்டிபயாடிக் மருந்தையே தவிர்ப்பது. சாதாரணச் சளிக்கு அம்மருந்து பயன்படாது. பயன்படாத மருந்தை உண்டு, அதன் கேட்டினை நீக்க இன்னொன்றை வாங்குவது இரட்டைச் செலவு அன்றோ?

மருந்து முடிந்த பின்பு குடலை 'மீட்க' என்று இதனை உண்போரும் உளர். இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் ஆய்வு நிலையத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. ஆன்டிபயாடிக் உண்ட 21 பேரை அவர்கள் மூன்று பிரிவாக்கினர். பதினொரு வகை நுண்ணுயிர் கலந்த புரோபயாடிக்கை உண்டவர்களுக்கு, அவரவர் சொந்த நுண்ணுயிர்க் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்புவது, ஒன்றும் உண்ணாதவர்களைவிடத் தாமதமாயிற்று. ஆய்வு சிறியதுதான். ஆயினும் 'உண்டால் நன்மை, இல்லாவிடினும் தீமையில்லை' என்ற நம் எண்ணம் எப்பொழுதும் சரியன்று என்பதற்கு அது சான்று.

குழந்தைகளின் திடீர் வயிற்றுப்போக்குக்கு இது மருந்தாகுமா? 2018-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரு பெரும் ஆய்வுகள் வெளியாயின. முதலதில் 971 குழந்தைகள். இரண்டாவதில் 886 குழந்தைகள். புரோபயாடிக் பெற்றவர்க்கும் வெறுந்தூள் பெற்றவர்க்கும் நோயின் கடுமையில் வேறுபாடு தோன்றவில்லை. 2020-இல் அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கத்தார் வெளியிட்ட நெறிமுறை, அவ்விரு நாட்டுக் குழந்தைகளுக்கு இந்நோயில் இதனைக் கொடுக்க வேண்டாம் என்றே கூறிற்று. மனக்கவலையோடு கூடி அடிக்கடி வயிறு கலங்கும் ஐ.பி.எஸ். என்னும் கோளாறுக்கும், ஆய்வு நிமித்தமாகவன்றி இதனைப் பயன்படுத்துமாறு அச்சங்கம் பரிந்துரைக்கவில்லை.

நம் நாட்டிலிருந்தே ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒடிசா மாநிலத்துச் சிற்றூர்களில் பிறந்த 4,556 பச்சிளங் குழந்தைகளிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. 'பிளாண்டாரம்' இனத்தின் குறிப்பிட்ட ஒரு வகையை, அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரைப் பொருளோடு சேர்த்து ஏழு நாள் கொடுத்தனர். பிறந்த முதல் இரு மாதங்களில் இரத்தத்தில் நச்சுப் பரவுதலோ மரணமோ நேர்ந்தது, வெறுந்தூள் பெற்ற குழந்தைகளில் 100-க்கு 9. மருந்து பெற்றவர்களில் 100-க்கு 5.4. வியக்கத்தக்க பயன்தான். ஆனால் அக்குழந்தைகள் ஏறக்குறைய மாதம் நிறைந்து, 2 கிலோ எடைக்குக் குறையாது பிறந்து, தாய்ப்பால் உண்டவர்கள். குறிப்பிட்ட ஒரு வகை, குறிப்பிட்ட அளவு, குறிப்பிட்ட நாள்கள், மருத்துவ மேற்பார்வை ஆகிய அனைத்தும் கூடிய இடத்திலேதான் அந்தப் பயன் விளைந்தது. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு தூளைச் சிசுவுக்குக் கரைத்து ஊட்ட அவ்வாய்வு நமக்கு உரிமை தரவில்லை.

வயிற்றுப்போக்கில் முதலிடம் எதற்கு?

இவ்விடத்தில் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது உயிர் பற்றிய விஷயம். பேதியாகும் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் கிருமி அன்று. உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறுவதே. 1971-இல் வங்காளதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்துப் போங்கான் முகாமில் காலரா பரவியது. இரத்தக் குழாய் வழியே ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனபிஸ் சர்க்கரையும் உப்பும் சோடா உப்பும் அளவாகக் கலந்த நீரை வாய்வழி கொடுக்கச் செய்தார். 100-க்கு ஏறத்தாழ 30 ஆக இருந்த மரணம் 3.6 ஆகக் குறைந்தது. அதுவே நாம் இன்று ஓ.ஆர்.எஸ். என்று அழைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் வரலாற்றுப் புகழ்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் இதனோடு துத்தநாகத்தையும் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைத்தன. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். அதற்குட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராம். 10 முதல் 14 நாள்கள் வரை. பேதி நின்ற பின்னும் இந்நாள்களை நிறைவு செய்ய வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது, வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது.

சில வீடுகளில் நடப்பது என்ன? விலையுயர்ந்த சிறு குப்பி தவறாமல் கொடுக்கப்படுகின்றது. விலை குறைந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ பிரிக்கப்படாமலே கிடக்கின்றது. 'பெரிய மருந்து கொடுத்தாயிற்று' என்ற மனநிறைவில் பொழுது கழிகின்றது. கண் குழிந்து, வாய் உலர்ந்து, குழந்தை சோர்ந்து, குடிக்கவும் இயலாது போனாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, வாந்தி நில்லாவிட்டாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ ஒரு நொடியும் தாமதியாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். புரோபயாடிக் கொடுக்க விரும்புவோர் மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கட்டும், ஆனால் ஓ.ஆர்.எஸ். இருக்க வேண்டிய இடத்தில் அதனை அமர்த்தற்க.

எவருக்கு எச்சரிக்கை வேண்டும்?

நலமாயிருப்பவர்க்கு இந்நுண்ணுயிர்கள் பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. சிறிது வாயுவும் உப்புசமும் தோன்றி மறையலாம். ஆனால் உயிருள்ள ஒன்றை உடலுக்குள் செலுத்துகிறோம் என்பதை மறத்தலாகாது.

நெதர்லாந்து நாட்டில் கடும் கணைய அழற்சியால் பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்துச் செய்த ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. கொடுக்கப்பட்ட 152 பேரில் 24 பேர் இறந்தனர். கொடுக்கப்படாத 144 பேரில் இறந்தவர் 9 பேர். நன்மை கருதிச் செய்த செயல் எதிர்மாறாக முடிந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு இவற்றைக் கொடுப்பதால் கடும் நோய்த்தொற்று நேரக்கூடும் என்று, ஒரு சிசுவின் மரணத்தையொட்டி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-இல் மருத்துவர்களை எச்சரித்தது.

எனவே குறைமாதக் குழந்தைகள், புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர், பெரிய இரத்தக் குழாயில் மருந்துக் குழல் பொருத்தப்பட்டோர், தீவிர சிகிச்சையில் இருப்போர் ஆகியோர்க்கு மருத்துவர் கூறாமல் எதுவும் கொடுக்கலாகாது.

இன்னொரு மறைமுக ஆபத்தும் உண்டு. காரணமின்றி உடல் மெலிதல், மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் பேதி, நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் மலப்போக்கு மாற்றம் ஆகியவை பெருநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். 'குடல் சரியில்லை' என்று மாதக்கணக்கில் கேப்சூல் உண்டு காலம் கடத்துபவர், குணமாகக்கூடிய நிலையைத் தாண்டிவிடக் கூடும்.

அட்டையைப் படிக்கும் முறை

மருத்துவர் தேவை என்று கூறிய பின்பே கடைக்குச் செல்வோம். அங்கே விளம்பரச் சொற்களைக் கண்டு மயங்காமல், சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

முதலாவதாக, மூன்று பெயர்களும் உள்ளனவா என்று பாருங்கள். 'நல்ல பாக்டீரியா', 'லாக்டிக் நுண்ணுயிர்கள்' என்று மட்டும் இருந்தால் அது விலாசம் எழுதாத கடிதம் போன்றது.

இரண்டாவதாக, எண்ணிக்கை. 'சி.எஃப்.யு.' என்னும் குறியீடு உயிருள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கையைக் காட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, காலாவதியாகும் நாளன்று எஞ்சியிருக்கும் எண்ணிக்கையே அட்டையில் தரப்பட வேண்டும். தயாரித்த நாளில் இருந்த எண்ணிக்கை நமக்குப் பயனில்லை; கொதிக்கும் கோடையில் லாரியிலும் கடையிலும் கிடந்து அவற்றுள் எத்தனை மடிந்தன என்பதே கேள்வி. எண் பெரிதாயிருந்தால் பயனும் பெரிது என்றும் கொள்ளற்க. ஆய்வில் பயன் தந்த அளவே போதிய அளவு. அவ்வாறே பத்து இனங்கள் கலந்தது, ஓர் இனமே உள்ளதைவிடச் சிறந்தது என்னும் நியதியும் இல்லை.

மூன்றாவதாக, வைக்கும் முறை. குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், கடைக்காரர் அதனைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தருகின்றாரா என்று கவனியுங்கள். வெயிலில் நின்ற அலமாரியிலிருந்து எடுத்தால் வாங்க வேண்டா. பாசிலஸ் இனங்கள் வித்துறைக்குள் உறங்கும் தன்மையால் வெப்பத்தைத் தாங்கும். ஏனையவற்றுக்கு அத்தாங்கும் ஆற்றல் இல்லை.

நான்காவதாக, உண்ணும் முறை. சூடான பாலிலோ காப்பியிலோ கலக்கலாகாது. கலந்தால் உயிரற்றதையே அருந்துவோம். பாக்டீரியா வகையை ஆன்டிபயாடிக் மருந்துக்கு இரண்டு மணி நேரமாவது விலக்கி உண்ண வேண்டும். பூலார்டி, ஈஸ்ட் வகையாதலால் அம்மருந்தால் சாவதில்லை; ஆனால் பூஞ்சைக்கு எதிரான மருந்தால் செத்துவிடும்.

ஐந்தாவதாக, அது மருந்தா, உணவா? உணவாக விற்கப்படும் புரோபயாடிக்குகளுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் விதிகள் வகுத்தது. நோய் தீர்க்கும் பயனுக்கு உரியதன்று என்னும் குறிப்பு அவற்றின் அட்டையில் இருக்க வேண்டும். முன்பக்கம் பெரிய எழுத்தில் வாக்குறுதி, பின்பக்கம் சிறிய எழுத்தில் மறுப்பு என்றால், நாம் நம்ப வேண்டியது சிறிய எழுத்தையே. பானமாயின் சர்க்கரை எவ்வளவு என்றும் பாருங்கள். நீரிழிவுடையோர் இதில் மிகவும் விழிப்பாயிருத்தல் வேண்டும். பாலோ சோயாவோ ஒவ்வாதவர், உட்பொருள் பட்டியல் முழுவதையும் படித்தல் நன்று.

நம் வீட்டு மோரும் பழைய சோறும்

'அப்படியாயின் தயிர் போதாதா?' என்று கேட்போர்க்கு விடை இது. உறை மோர் ஊற்றி வீட்டில் தோய்த்த தயிரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் நிறைய உள்ளன. அவை எவ்வகை, எத்தனை என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லையாதலால், மேற்கூறிய இலக்கணப்படி அதனைப் புரோபயாடிக் மருந்து என்று அழைத்தல் இயலாது. ஆனால் நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. பால் செரியாதவர் பலருக்கும் தயிர் செரிக்கின்றது; பாலின் சர்க்கரையைச் செரிக்க அந்நுண்ணுயிர்களே துணை செய்கின்றன. மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்தால் அவை மடிந்துவிடும். சோற்றில் பிசைந்தும் நீர் மோராகவும் உண்பதே சிறந்தது.

இட்லி மாவைப் புளிக்க வைப்பவை லியூகோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள். ஆவியில் வெந்ததும் அவை மடிகின்றன. எனினும் புளித்ததால் உண்டான எளிய செரிமானம் எஞ்சி நிற்கின்றது. இரவில் நீரூற்றி வைத்த பழைய சோற்றிலோ, மறுபடி கொதிக்க வைக்காமல் உண்பதால், நுண்ணுயிர்கள் உயிரோடு கிடைக்கின்றன. ஊற்றும் நீரும் பாத்திரமும் தூய்மையாக இருத்தல் மட்டும் இன்றியமையாதது. புளித்த உணவுகளைப் பத்து வாரம் மிகுதியாக உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின, அழற்சியின் அறிகுறிகள் குறைந்தன என்று 36 பேரிடம் அமெரிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வு 2021-இல் தெரிவித்தது.

புதிய நுண்ணுயிர்களை விருந்துக்கு அழைக்குமுன், வீட்டிலேயே இருப்பவற்றுக்குச் சோறிட வேண்டுமன்றோ? அவற்றின் உணவு நார்ப்பொருள். கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை, வாழைத்தண்டு, வெங்காயம், பூண்டு, கொய்யா, வாழைப்பழம் ஆகிய நம் சந்தைப் பொருள்களே அவற்றுக்கு அறுசுவை விருந்து. நலமாயுள்ள ஒருவர் நாள்தோறும் வாங்கும் கேப்சூலின் விலையை முப்பதால் பெருக்கிப் பார்க்கட்டும். அத்தொகைக்கு அக்குடும்பம் முழுமைக்கும் எத்தனை கட்டுக் கீரையும், எத்தனை சீப்புப் பழமும் வாங்கலாம் என்று கணக்கிட்டால், எது சிக்கனம், எது நலம் என்பது தானே விளங்கும்.

மருத்துவரிடம் கேளுங்கள்

மருந்துச் சீட்டில் இப்பெயரைக் கண்டால் மருத்துவரிடம் பணிவோடு சில கேள்விகள் கேட்பதில் தவறில்லை. "ஐயா, இது எந்தக் கோளாறுக்காக? எந்த வகை? நாளொன்றுக்கு எவ்வளவு? எத்தனை நாள்? எந்த நாளுக்குள் குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டுத் தங்களிடம் வர வேண்டும்?" நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்கு மகிழ்ந்தே விடை கூறுவார். விடைகள் தெளிவாயின், வாங்குங்கள்; குறித்த நாள் வரை கொடுங்கள்; பின் நிறுத்திவிடுங்கள். "சும்மா, குடலுக்கு நல்லது" என்பதைத் தவிர வேறு விடை இல்லையாயின், அப்பணத்தை அடுப்பங்கரைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்துப் பெட்டியில் இடம் மிகுந்தால் அங்கே ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நான்கை வாங்கி வையுங்கள். நள்ளிரவில் ஒரு குழந்தைக்குப் பேதி கண்டால், முதலில் கை நீட்ட வேண்டியது அவற்றை நோக்கியே.